கான்கிரீட் பூச்சு ஆய்வாளர்: பயிற்சியும் சான்றிதழும்

இரும்புக்கான பூச்சு ஆய்வுச் சான்றிதழோடு முதன்முதலாகக் கான்கிரீட் வேலைக்குப் போகிறவர், பையிலிருந்து தடிமன் மீட்டரை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்ப்பார். மீட்டரில் எண் வராது. அவர் பழகிய கருவி காந்தப் புலத்தை வைத்து அளப்பது. அடியில் இரும்பு இருந்தால்தான் அது பேசும். அடுத்து சொரசொரப்பை அளக்கும் டேப்பை எடுப்பார். அதுவும் மைக்ரான் கணக்கில் மட்டுமே அளக்கும். கான்கிரீட்டின் மேடு பள்ளமோ மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். எஃகை எந்தத் தரத்துக்குப் பிளாஸ்டிங் (துகளைப் பீய்ச்சிச் சுத்தம்) செய்திருக்கிறார்கள் என்று ஒப்பிடும் படப் புத்தகமும் இங்கே உதவாது. கருவி இல்லாதது சிறிய சிக்கல், வாங்கிக்கொள்ளலாம். இரும்பில் பழகிய தீர்ப்பு முறையையே கான்கிரீட்டிலும் போடுவதுதான் பெரிய சிக்கல். கான்கிரீட்டுக்கென்று தனிப் பயிற்சி இருப்பது அதனால்தான்.

இந்த அத்தியாயம் சிவில் டிப்ளமோ அல்லது பட்டம் முடித்தவர்களுக்கும், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ இங்கேயோ பெயின்டிங் மேற்பார்வை, தரக் கட்டுப்பாடு வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. பயிற்சியில் என்ன கற்றுத் தருகிறார்கள், எது கடினம், எந்தச் சான்றிதழ் யாருக்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

சான்றிதழ் எங்கிருந்து வருகிறது

காப்புப் பூச்சுத் துறையில் உலகெங்கும் அதிகம் கேட்கப்படும் சான்றிதழ்கள் அமெரிக்காவின் இரண்டு அமைப்புகளிலிருந்து வந்தவை. 1943-இல் அரிமானப் பொறியாளர்கள் தொடங்கிய நேஸ் ஒன்று. 1950-இல் தொடங்கிய எஸ்.எஸ்.பி.சி. மற்றொன்று. எஸ்.எஸ்.பி.சி.யின் முதல் பெயரே எஃகுக் கட்டமைப்புகளுக்கான பெயின்டிங் கவுன்சில்தான். எஃகைத் தாண்டிய பொதுப் பெயருக்கு அது மாறியது 1997-இல். அதே ஆண்டில்தான் கான்கிரீட் பரப்பைத் தயார் செய்வதற்கான முக்கியத் தரநிலையை இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்டன. எஸ்.எஸ்.பி.சி. கணக்கில் அது எஸ்.பி. 13, நேஸ் கணக்கில் எண் 6. ஆவணம் ஒன்றுதான். 2021 ஜனவரியில் இரு அமைப்புகளும் இணைந்து ஆம்ப் என்ற ஒரே அமைப்பாயின. பழைய டெண்டர்களில் நேஸ், எஸ்.எஸ்.பி.சி. என்ற பெயர்களே இன்னும் நிற்கின்றன. குழம்ப வேண்டாம், இப்போது வீடு ஒன்றுதான்.

நேஸ் 1983-இல் தொடங்கிய பூச்சு ஆய்வாளர் திட்டம்தான் நம் ஊர் இளைஞர்களுக்கு அதிகம் தெரிந்தது. சி.ஐ.பி. லெவல் 1, லெவல் 2 என்று பயோடேட்டாவில் போட்டிருப்பார்கள். அதில் எஃகுதான் நாயகன், கான்கிரீட் ஓரமாக வந்துபோகும். கான்கிரீட்டுக்கென்று எஸ்.எஸ்.பி.சி. உருவாக்கியது சி.சி.ஐ., அதாவது கான்கிரீட் கோட்டிங் இன்ஸ்பெக்டர் திட்டம். இப்போது அது ஆம்ப் கையில் இருக்கிறது. வகுப்பும் செய்முறையும் சேர்ந்து ஒரு வேலை வாரத்துக்குள் முடிந்துவிடும். எழுத்துத் தேர்வு உண்டு. மேல்நிலைச் சான்றிதழுக்குச் செய்முறைத் தேர்வும் அனுபவச் சான்றும் வேண்டும். கட்டணம், முன்தகுதி, தேர்வு முறை, நிலைகளின் பெயர் ஆகியவற்றை, குறிப்பாக இணைப்புக்குப் பிறகு, அவ்வப்போது மாற்றி அமைக்கிறார்கள். ஆகவே இந்தப் புத்தகம் உட்பட எந்த அச்சுப் பிரதியையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அமைப்பின் நடப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பூச்சுக்கு முன் கான்கிரீட்டைப் படியுங்கள்

எஃகுத் தகடு ஆலையிலிருந்து ஒரே குணத்தோடு வருகிறது. கான்கிரீட்டின் குணம் சைட்டில் உருவாகிறது. யார் கலந்தார், எவ்வளவு தண்ணீர் ஊற்றினார், வைப்ரேட்டர் எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை நாள் நீராற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். தண்ணீர் அதிகமான கலவையில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, நுண்துகளும் சிமெண்டும் மேலே ஏறி ஒரு மெல்லிய ஏடாகப் படிந்துவிடும். பார்க்க வழவழப்பாக, அழகாகக்கூட இருக்கும். கத்தி முனையால் கீறினால் மாவாக உதிரும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எப்பாக்ஸி அடித்தாலும், எப்பாக்ஸி ஏட்டைப் பிடித்துக்கொள்ளும், ஏடு கான்கிரீட்டைப் பிடிக்காது. பூச்சு பாய்போலச் சுருண்டு வருவதற்குப் பெரும்பாலும் இந்த ஏடுதான் காரணம். பழி மட்டும் பெயின்ட் கம்பெனி மேல் விழும்.

இதேபோல் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் இன்னும் சில உண்டு. சென்டரிங் பலகைக்குப் பூசிய எண்ணெய் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகத் தெளித்த க்யூரிங் காம்பவுண்ட் ஒரு படலமாக நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கான்கிரீட் அதை உறிஞ்சிக் கருத்தால் நல்லது. முத்துப்போல நின்றால் மேலே ஏதோ இருக்கிறது. மிக மலிவான சோதனை இது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

பிறகு காற்றுக் குழிகள். சென்டரிங்கைப் பிரித்ததும் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும் சிறு பொத்தல்கள். பல பொத்தல்களின் வாய் ஏட்டால் மூடியிருக்கும். பிளாஸ்டிங் செய்த பிறகுதான் அவை திறந்து, சுவர் முன்பைவிட மோசமாகத் தெரியும். கான்ட்ராக்டர் கோபப்படுவார். உண்மையில் பிளாஸ்டிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தக் குழிகளை நிரப்பும் பட்டி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, யார் செலவு என்பதை வேலை தொடங்குவதற்கு முந்தைய கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஈரம்

பயிற்சியில் அதிக நேரம் செலவாவதும், சைட்டில் அதிகச் சண்டை வருவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

"சார், தரை காஞ்சு போச்சு, பிரைமர் அடிச்சிடலாமா?" என்று கேட்பார்கள். மேற்பரப்பு காய்ந்திருக்கும், சந்தேகமில்லை. பூச்சால் மூடியதும் என்ன ஆகிறது? அதுவரை ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. தரைக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போடாமல் விட்டிருந்தால் மண்ணிலிருந்தும் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் பூச்சு கொப்பளிக்கும். கொப்பளத்தைக் குத்தினால் உள்ளிருந்து நீர் வரும். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-லிருந்து 13 வரை இருக்கும். அந்தக் காரத்தைத் தாங்காத பூச்சாக இருந்தால் அதுவும் சேர்ந்து கெடுக்கும். 28 நாள் ஆகிவிட்டது என்பது பலம் வந்ததற்கான கணக்கு. ஈரம் போனதற்கான கணக்காக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சோதனைகள் மூன்று. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

முதலாவது பிளாஸ்டிக் தாள் சோதனை, ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பின் டி 4263 (இனி வரும் டி, எஃப் எண்களும் அதனுடையவையே). சுமார் 46 செ.மீ. சதுரத்தில் ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடிக் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். 46 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று பொருள். செலவு ஏதுமில்லை, யாரும் செய்யலாம். ஆனால் இதில் கிடைப்பது ஆம், இல்லை என்ற பதில் மட்டுமே. எவ்வளவு ஈரம் என்று தெரியாது. வெயில் நேராகப் படும் இடத்தில் வைத்தாலும், தரையும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் ஏமாற்றும். 'ஈரம் தெரியவில்லை' என்று அறிக்கையில் எழுதுங்கள். 'ஈரம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது கால்சியம் குளோரைடு சோதனை, எஃப் 1869. ஈரத்தை உறிஞ்சும் உப்பை ஒரு தட்டில் எடைபோட்டு, மூடியின் கீழ் 60 முதல் 72 மணி நேரம் தரையில் வைத்து, மறுபடி எடை பார்ப்பது. எஸ்.பி. 13 தரும் வரம்பு, ஒரு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் 15 கிராம். அமெரிக்க அலகில் ஆயிரம் சதுர அடிக்கு 3 பவுண்ட். எண் கிடைக்கிறது, ஆனால் மேல்பரப்பை ஒட்டிய சிறு ஆழத்தில் நடப்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

மூன்றாவது, தரையில் துளை போட்டு உள்ளே உணரியை வைத்து ஈரப்பதம் அளப்பது, எஃப் 2170. ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில் மொத்தத் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட வேண்டும். 150 மி.மீ. தளம் என்றால் 60 மி.மீ. துளையைச் சுத்தம் செய்து, உறை சொருகி, 24 மணி நேரம் விட்டுப் படிக்க வேண்டும். முதல் 100 சதுர மீட்டருக்கு மூன்று, பிறகு ஒவ்வொரு 100-க்கும் ஒன்று. ஏன் 40 சதவீதம்? மேலே பூச்சு மூடிய பிறகு தளம் முழுவதும் ஈரம் சமப்பட்டால் எங்கே போய் நிற்குமோ அதை அந்த ஆழம் கிட்டத்தட்ட முன்கூட்டியே காட்டுகிறது. எஸ்.பி. 13 கொடுத்த வரம்பு 80 சதவீதம். பூச்சுத் தயாரிப்பாளரின் தாள் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதுதான் செல்லும்.

இரண்டாவது, மூன்றாவது சோதனைகளில் ஒரு நிபந்தனையைப் பலர் விட்டுவிடுவார்கள். கட்டடம் பயன்பாட்டில் இருக்கும்போது நிலவும் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது 48 மணி நேரம் இருந்த பிறகே சோதனை தொடங்க வேண்டும். குளிரூட்டிய மருந்துத் தொழிற்சாலைக் கூடத்தை, கதவு ஜன்னல் பொருத்தும் முன்பே கார்த்திகை மாதத்தில் சோதித்து வாங்கிய எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. மூன்றில் எதைச் செய்வது என்பதை ஆய்வாளர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்வதும் தவறு. ஒப்பந்தக் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதுதான். குறிப்பில் ஒன்றுமே இல்லை என்றால், வேலை தொடங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்.

பரப்பைத் தயார் செய்தல்

கான்கிரீட்டின் சொரசொரப்பைச் சொல்ல ஐ.சி.ஆர்.ஐ. என்ற அமெரிக்கக் கான்கிரீட் பழுதுநீக்க நிறுவனம் பத்து ரப்பர் மாதிரித் தகடுகளை வெளியிட்டிருக்கிறது. சி.எஸ்.பி. 1 கிட்டத்தட்ட வழவழப்பு, சி.எஸ்.பி. 10 கல் துருத்திக்கொண்டு நிற்கும் கரடு. முதலில் ஒன்பதுதான் இருந்தன, பத்தாவது 2013-இல் சேர்ந்தது. தகட்டைத் தரையில் வைத்துக் கண்ணாலும் விரலாலும் ஒப்பிட வேண்டும். இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். அதனால் வேலை தொடங்கும் முன் ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பரப்பைத் தயார் செய்து, கான்ட்ராக்டர், உரிமையாளர் தரப்பு, பூச்சுத் தயாரிப்பாளர் மூவரும் ஒப்புக்கொண்டபின் அதை மூடாமல் காப்பாற்றி வையுங்கள். பிறகு வரும் எல்லா வாதமும் அந்தச் சதுரத்தின் முன்னால் முடியும். அளவாகவே வேண்டும் என்றால் பட்டியில் அச்செடுத்து அளக்கும் முறை டி 7682-இல் இருக்கிறது.

அதிகக் கரடு நல்லது என்று நினைக்க வேண்டாம். மெல்லிய பூச்சைக் கரட்டுப் பரப்பில் அடித்தால் மேட்டில் பூச்சே நிற்காது. தரையைக் கொத்தும் இயந்திரங்கள் கான்கிரீட்டுக்குள் நுண்விரிசல்களை உண்டாக்கி, மேல் அடுக்கைப் பலவீனமாக்கிவிடும். பார்வைக்கு அருமையான கரடு, இழுத்தால் கையோடு வந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் கொத்திய பிறகு ஷாட் பிளாஸ்டிங் அல்லது உயர் அழுத்த நீர் போட்டு உடைந்த அடுக்கை நீக்கியாக வேண்டும்.

அமிலம் ஊற்றி அரிக்கும் முறை இன்னும் சில சைட்டுகளில் ஓடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சுவரில் செய்ய முடியாது, எண்ணெய் இருந்தால் அமிலம் வேலை செய்யாது, கழுவிய நீரை எங்கே விடுவது என்ற பிரச்சினை வேறு. செய்தே ஆக வேண்டும் என்றால், கழுவும் நீரின் பி.எச். அளவையும் தரையில் நிற்கும் நீரின் பி.எச். அளவையும் டி 4262 முறைப்படி ஒப்பிடுங்கள். தரை நீர் ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கு மேல் ஏறக் கூடாது.

இழுத்துப் பார்க்கும் சோதனையில் எண் முக்கியமா?

எஃகில் ஒட்டுதிறன் சோதனை செய்தவர்களுக்கு 7, 10, 15 மெகாபாஸ்கல் என்ற எண்கள் பழக்கம். கான்கிரீட்டில் டி 7234 முறைப்படி டாலி என்ற 50 மி.மீ. உலோகத் துண்டை ஒட்டி, சுற்றிலும் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட் வரை வெட்டி, இழுத்தால் 2.3 என்று வரும். எஃகுக்காரர் உடனே 'தோல்வி' என்று எழுதிவிடுவார்.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுவலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே நல்ல பூச்சு நன்றாக ஒட்டியிருந்தால், முதலில் உடைய வேண்டியது கான்கிரீட்தான். டாலியைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஜல்லியோடு கான்கிரீட் தடிமனாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பூச்சு தன் வேலையைச் செய்துவிட்டது, 2.3 என்பது கான்கிரீட்டின் எண். டாலியில் வெறும் வெள்ளைப் பொடி மெல்லிய படலமாக இருந்தால் ஏடு நீங்கவில்லை. பூச்சின் அடிப்பக்கம் சுத்தமாகப் பளிச்சென்று இருந்தால் பூச்சே ஒட்டவில்லை, அங்கே எண் 2.3 ஆனாலும் யோசிக்க வேண்டும். டாலி ஒட்டிய பசை விட்டுப்போயிருந்தால் அந்தச் சோதனை செல்லாது, மறுபடி செய்யுங்கள். பரப்பின் இழுவலிமைக்கு எஸ்.பி. 13 வைத்திருக்கும் அளவு, சாதாரணப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 1.4 மெகாபாஸ்கல், கடும் பயன்பாட்டுக்கு 2.1. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள். அறிக்கையில் எண்ணோடு, எங்கே உடைந்தது, எத்தனை சதவீதம், டாலியின் புகைப்படம் மூன்றும் இருக்க வேண்டும். எண் மட்டும் உள்ள அறிக்கை பாதி அறிக்கை.

எப்போது அடிப்பது

எஃகில் கற்ற பனிநிலை விதி இங்கேயும் உண்டு. பரப்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட்டில் இன்னொரு விதி சேர்கிறது, அது முதல் விதியோடு முட்டிக்கொள்ளும். காலையில் வெயில் ஏற ஏறக் கான்கிரீட் சூடாகும். அதன் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். ஈரமான பூச்சைத் துளைத்துக்கொண்டு வருவதால் ஊசித்துளையும் குமிழியும் விழும். மறுகோட் அடித்து மூடினாலும் அதே துளை வழியே மறுபடி வரும். ஆகவே முதல் கோட்டை வெப்பம் இறங்கும் நேரத்தில், அதாவது பிற்பகலுக்குப் பிறகு அடிக்கச் சொல்வார்கள். அப்போது காற்று உள்ளிழுக்கப்பட்டு, பூச்சையும் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் மாலை இருட்ட இருட்டப் பரப்பு பனிநிலையை நெருங்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம்தான் வேலை நேரம். கடலோர ஊர்களில் அது இன்னும் குறுகும். காலை ஏழு மணிக்கு ஒருமுறை எடுத்த அளவை நாள் முழுக்க எழுதுவது இங்கே வெறும் ஏமாற்று. பரப்பு வெப்பம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மணிக்கு மணி குறிக்க வேண்டும்.

தடிமனும் ஊசித்துளையும்

தடிமனுக்கு நான்கு வழி. அடிக்கும்போதே பல் சீப்பு மாதிரித் தகட்டால் ஈரத் தடிமன் பார்க்கலாம். காய்ந்த பிறகு மீயொலி மீட்டரால் டி 6132 முறையில் அளக்கலாம். பூச்சைக் கீறி உருப்பெருக்கியில் பார்க்கும் டூக் கேஜ் துல்லியமானது, ஆனால் கீறிய இடத்தைச் சரிசெய்ய வேண்டும். நான்காவது கணக்கு. நூறு சதவீதத் திடப்பொருள் கொண்ட பூச்சை 100 சதுர மீட்டருக்கு 500 மைக்ரான் அடிக்க 50 லிட்டர் வேண்டும். அதுவும் கண்ணாடிபோல் சமமான பரப்பில், ஒரு சொட்டு வீணாகாமல். குழியும் கரடும் உள்ள கான்கிரீட்டில் கண்டிப்பாக இன்னும் அதிகம் போகும். நாள் முடிவில் காலி டின்களை எண்ணுங்கள். 45 லிட்டர்தான் தீர்ந்திருக்கிறது என்றால் எந்த மீட்டரும் தேவையில்லை.

ஊசித்துளையைத் தேடும் உயர் மின்னழுத்தச் சோதனை டி 4787. கான்கிரீட் மின்சாரத்தைக் கடத்துவது அதில் இருக்கும் ஈரத்தால். நிலத்தொடர்பைக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியோடு இணைக்கலாம். மிகவும் காய்ந்த கான்கிரீட்டில் பொறி வராது, பூச்சு குறையில்லாதது என்று கருவி பொய் சொல்லும். அதனால் வேண்டுமென்றே ஒரு சிறு துளை போட்டு, கருவி அதைப் பிடிக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். முக்கியமான வேலைகளில் மின்கடத்தும் பிரைமர் அடிப்பது இதற்காகவே. கரைப்பான் ஆவி தங்கிய தொட்டிக்குள் பொறி பறக்கும் கருவியைக் கொண்டுபோகக் கூடாது என்பதை எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

வேலை எங்கே இருக்கிறது

கழிவுநீர்தான் பெரிய வாடிக்கையாளர். சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஈரச் சுவரில் கரைகிறது. அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது. பி.எச். 12-இல் தொடங்கிய பரப்பு 1 வரை இறங்கி, கான்கிரீட் ஜிப்சம் களியாக மாறிக் கையோடு வரும். இதில் பாக்டீரியாவின் பங்கை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945-இல் எழுதினார். தண்ணீருக்குள் மூழ்கிய பகுதியைவிட மேலே இருக்கும் கூரையும் சுவரும்தான் அதிகம் அரிக்கும். ஆய்வில் டார்ச்சை முதலில் அங்கே அடியுங்கள்.

தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், திருப்பூர்ச் சாய ஆலைகளின் நிலையங்கள், மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் குடிநீர் நிலையங்கள் என உப்பும் அமிலமும் கான்கிரீட்டைத் தொடும் இடங்கள் நிறைய உண்டு. அணுமின் நிலையப் பூச்சு வேலை தனி உலகம். அங்கே ஆய்வாளரைத் தகுதிப்படுத்தும் நடைமுறையை எப்படி அமைப்பது என்பதற்கே டி 4537 என்ற தனி வழிகாட்டி இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள், வாயு அளவெடுத்து அனுமதிச் சீட்டு தராமல், வெளியே காவலாள் நிற்காமல், யார் சொன்னாலும் இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கின் வாசனை உணர்வு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, பத்திரம் என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

தேர்வும் தயாரிப்பும்

தேர்வு ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பொருள் புரிவதில் சிரமம் இருக்காது. வேகத்தில்தான் இடறும். அமெரிக்க அலகுகள் இன்னொரு தடை. 1 மில் என்பது 25.4 மைக்ரான், 145 பி.எஸ்.ஐ. என்பது 1 மெகாபாஸ்கல். இவற்றைக் கால்குலேட்டர் தேடாமல் மாற்றப் பழகுங்கள். 300 பி.எஸ்.ஐ. என்று கேள்வியில் பார்த்ததும் 2.1 என்று தோன்ற வேண்டும். எந்தச் சோதனைக்கு எந்த எண் தரநிலை என்பதை ஒரு தாளில் எழுதி, சைட்டில் அந்தச் சோதனையைச் செய்யும்போதெல்லாம் பாருங்கள். தனியாக உட்கார்ந்து உருப்போடுவதைவிட இது நிற்கும்.

கேள்விகளில் கணிசமானவை ஆய்வாளரின் எல்லை பற்றியவை. ஆய்வாளர் அளக்கிறார், ஒப்பிடுகிறார், எழுதுகிறார், தெரிவிக்கிறார். கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு வேலை சொல்வதோ, ஒப்பந்தக் குறிப்பைத் தளர்த்துவதோ, 'இது போதும்' என்று வாய்மொழியாக விட்டுக்கொடுப்பதோ அவர் வேலை இல்லை. வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. நம் சைட்டுகளில் இன்ஸ்பெக்டர் என்றால் மேஸ்திரிக்கு மேஸ்திரி என்று நினைக்கிற பழக்கம் இருக்கிறது. தேர்வில் அந்தப் பழக்கம் மதிப்பெண்ணைக் குறைக்கும், சைட்டில் வழக்கில் மாட்டிவிடும்.

எதை எடுப்பது

ஏற்கெனவே சி.ஐ.பி. அல்லது அதன் இன்றைய வடிவமான ஆம்ப் பூச்சு ஆய்வாளர் சான்றிதழ் இருந்தால், கான்கிரீட் பயிற்சி அதன்மேல் நல்ல சேர்க்கை. ஒன்றுமே இல்லாமல் தொடங்குபவர் எஃகிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வேலை எண்ணிக்கை அங்கேதான் அதிகம். நார்வேயின் ஃபிரோசியோ சான்றிதழும் எஃகுக்கானதே, கப்பல், எண்ணெய்த் துறைக்கு நல்லது. தரைப் பூச்சு மட்டும் செய்கிற நிறுவனத்தில் இருப்பவருக்கு ஐ.சி.ஆர்.ஐ.யின் கான்கிரீட் தள ஈரச் சோதனைச் சான்றிதழ் நேரடியாகப் பயன்படும். ஐரோப்பிய நிறுவனங்களின் திட்டங்களில் இ.என். 1504 வரிசையின் இரண்டாம் பகுதியும், ஒட்டுதிறனுக்கு இ.என். 1542-உம் பேசப்படும். அவற்றைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவில் படித்தவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நீர்-சிமெண்ட் விகிதமும் நீராற்றலும் விரிசலும் அவர்களுக்கு முன்பே தெரியும், பூச்சு வேதியியலை மட்டும் கற்றால் போதும். பெயின்டிங் பக்கத்திலிருந்து வருபவர்கள் தலைகீழ். பயிற்சிக்குப் போகும் முன் ஒரு நல்ல கான்கிரீட் தொழில்நுட்பப் பாடநூலை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள்.

தேர்வெழுதாமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். சான்றிதழ் எண்ணை வெளியிட்ட அமைப்பிடம் யாரும் சரிபார்க்கலாம், பெரிய நிறுவனங்கள் சரிபார்த்த பிறகே ஆள் எடுக்கின்றன. போலி பிடிபட்டால் அந்த வேலை மட்டும் போகாது, விசாவும் போகும். உண்மையான சான்றிதழும் காலவரம்புள்ளது, புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை அனுபவப் பதிவு தேவைப்படுவதால், எந்தத் திட்டத்தில், எந்தத் தேதியில், என்ன ஆய்வு செய்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தையும் அவ்வப்போது வாங்கி வையுங்கள். வேலை மாறிய பிறகு பழைய மேலதிகாரியைத் தேடி அலைவது பெரும்பாடு.

கட்டணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இதுதான்: நீங்கள் போக விரும்பும் நிறுவனங்களின் இரண்டு மூன்று ஒப்பந்தக் குறிப்புகளைத் தேடிப்பிடித்து, பூச்சு ஆய்வாளரின் தகுதி என்ற பகுதியில் எந்தச் சான்றிதழின் பெயர், எந்த நிலை என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் சான்றிதழையே எடுங்கள்.